மார்பின் மாத்திரை: அலறும்போது கொடுப்பதா, மணி பார்த்துக் கொடுப்பதா?

தென் மாவட்டச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய அப்பாவுக்கு 68 வயது. மூன்று வருடங்களுக்கு முன் புராஸ்டேட் புற்றுநோய் என்று தெரிந்து ஹார்மோன் ஊசி போட்டு வந்தார்கள். இந்த வருடம் எடுத்த ஸ்கேனில் இடுப்பெலும்புக்கும் முதுகெலும்புக்கும் பரவியிருப்பது தெரிந்தது. மூன்று வாரங்களுக்கு முன், 180 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் புற்றுநோய் மருத்துவமனையில் கடும் வலிக்கான, அபினிலிருந்து கிடைக்கும் மார்பின் என்ற மருந்தின் 10 மி.கி. மாத்திரையை நான்கு மணி நேரத்துக்கு ஒன்றாகவும் இரவு படுக்கும்போது இரண்டாகவும் எழுதி, இரண்டு வாரத்துக்கு 84 மாத்திரைகளும் மலமிளக்கியும் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

ஐம்பதுக்கும் மேல் மாத்திரை மீதி இருக்கிறது. "மார்பின் குடுத்தா அவ்வளவுதான், ஆள் எழுந்திரிக்கவே மாட்டார்" என்று அண்ணன் தடுக்கிறார். அப்பா முன்பு குடிப்பழக்கம் உள்ளவர், விட்டுப் பத்து வருடமாகிறது. "ஒரு போதையை விட்டவரை இன்னொரு போதையில் தள்ளுவதா?" என்பது அண்ணனின் கேள்வி. அதனால் வலி தாங்காமல் அலறும்போது மட்டும், நாளுக்கு ஒன்றோ இரண்டோ கொடுக்கிறார்கள். மற்ற நேரங்களில் பக்கத்து மருந்துக் கடையில் வாங்கிய டிக்ளோஃபெனாக், டிரமடால்-பாராசிட்டமால் என்ற வலி மாத்திரைகள். இரவில் தூங்க அல்பிரசோலம். மலம் கழித்து ஐந்து நாளாகிறது. மலமிளக்கி "சூடு" என்று நிறுத்திவிட்டு இசப்கோல் கொடுக்கிறார்கள். வீட்டில் மார்பின் வைத்திருந்தால் போலீஸ் வரும் என்று கடைக்காரர் பயமுறுத்தியிருக்கிறார். உறவினர் ஒருவர், தன் அம்மா இறந்தபின் மீந்த ஃபென்டனில் பேட்ச் (தோலில் ஒட்டும் வலி மருந்து) இரண்டைத் தருகிறேன் என்கிறார்.

கடிதத்தின் கடைசிப் பத்தியில் இன்னொரு தகவல்: "நாலஞ்சு நாளா கால் கொஞ்சம் மரத்துப் போகுதுங்கிறார், சுவரைப் பிடிச்சுதான் நடக்கிறார். சிறுநீரும் முக்கி முக்கித்தான் வருது. நரம்பு இழுத்திருக்கும்னு எண்ணெய் போட்டு நீவிவிடச் சொல்லியிருக்கோம்."

சகோதரி, நீங்கள் கேட்ட கேள்விகள் அத்தனைக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் நீங்கள் கேட்காமல் விட்ட அந்தக் கடைசிப் பத்தியிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பகுதியை மட்டும் கடிதம் கிடைத்த அன்றே உங்களுக்குத் தெரிவித்துவிடும்படி ஆசிரியர் குழுவிடம் சொல்லிவிட்டேன். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காக இங்கும் எழுதுகிறேன்.

முதலில் கால்

முதுகெலும்புக்குப் பரவிய புற்றுநோய் உள்ளவருக்குப் புதிதாகக் கால் மரத்தால், நடை தள்ளாடினால், சிறுநீர் கழிக்கச் சிரமம் வந்தால், வேறு காரணம் நிரூபணமாகும்வரை முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத் தொகுப்பான தண்டுவடம் நசுங்குகிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். எலும்பில் வளரும் கட்டியோ நொறுங்கிய முள்ளெலும்போ தண்டுவடத்தை அழுத்துகிறது. இருமும்போதும் முக்கும்போதும் முதுகுவலி கூடுவது, மல்லாந்து படுத்தால் வலி அதிகமாவது, வயிற்றைச் சுற்றிக் கச்சை கட்டி இறுக்குவதுபோல் வலிப்பது, உட்காரும் இடத்தில் உணர்ச்சி குறைவது ஆகியவையும் இதன் அடையாளங்கள்.

இதில் நாட்கணக்கு கிடையாது, மணிக்கணக்குதான். சிகிச்சை தொடங்கும் நேரத்தில் நடந்துகொண்டிருப்பவர் பெரும்பாலும் பிறகும் நடக்கிறார். கால் முழுதாக விழுந்தபின் சிகிச்சை தொடங்கினால், மீண்டும் நடப்பவர்கள் மிகக் குறைவு. சுவரைப் பிடித்தாவது அப்பா நடக்கிறார் என்பது இன்றைக்கு உங்கள் கையில் இருக்கும் வாய்ப்பு.

செய்ய வேண்டியது இது. 108-ஐ அழைத்து, எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் கதிரியக்கச் சிகிச்சையும் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ நீங்கள் காட்டும் புற்றுநோய் மருத்துவமனைக்கோ படுத்த நிலையிலேயே கொண்டுபோங்கள். புறநோயாளிச் சீட்டு வாங்கி வரிசையில் நிற்காதீர்கள், நேரே அவசரப் பிரிவு. "புராஸ்டேட் கேன்சர், முதுகெலும்பில் பரவியிருக்கிறது, நாலஞ்சு நாளாகக் கால் பலவீனம், சிறுநீர் சிரமம், தண்டுவட அழுத்தமா என்று பார்க்க வேண்டும்" என்று இதே வரிசையில் சொல்லுங்கள். பழைய ஸ்கேன் அறிக்கையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அங்கே வீக்கத்தைக் குறைக்க டெக்ஸாமெத்தசோன் கொடுத்து, முழு முதுகெலும்புக்கும் எம்.ஆர்.ஐ. எடுத்து, கதிரியக்கமா அறுவையா என்று முடிவு செய்வார்கள்.

எண்ணெய் போட்டு நீவுவதை உடனே நிறுத்துங்கள். கட்டி அரித்த முள்ளெலும்பை நீவினால், இழுத்தால், சொடுக்கு எடுத்தால் அது நொறுங்கித் தண்டுவடத்தில் குத்தலாம். வண்டி வரும்வரை சமமான படுக்கையில் படுத்திருக்கட்டும், புரட்டும்போது தலை முதல் கால்வரை ஒரே வீச்சில் புரட்டுங்கள்.

ஒருவேளை சிறுநீர் சிரமத்துக்குப் புராஸ்டேட் கட்டியே காரணமாக இருக்கலாம், ஐந்து நாள் தேங்கிய மலம் காரணமாக இருக்கலாம், மார்பினும் காரணமாக இருக்கலாம். எது என்று வீட்டில் கண்டுபிடிக்க முடியாது. அடிவயிறு உப்பி, ஆறேழு மணி நேரமாகச் சிறுநீர் இறங்கவில்லை என்றால் குழாய் போட்டாக வேண்டும்.

கடையில் வாங்கிய மாத்திரைகள்

மருத்துவமனை கொடுத்த மார்பினுக்குப் பயந்து கடையில் வாங்கிய மாத்திரைகளை நம்பியிருக்கிறீர்கள். உங்கள் அப்பாவைப் பொறுத்தவரை ஆபத்து அந்தக் கடைப் பையில்தான் அதிகம்.

டிக்ளோஃபெனாக் எலும்பு வலிக்கு நன்றாகவே கேட்கும், மறுக்கவில்லை. ஆனால் 68 வயதுக்காரருக்கு இரத்தப் பரிசோதனை இல்லாமல் மூன்று வாரம் தொடர்ந்து கொடுத்தால் வயிற்றில் புண் வரலாம், சிறுநீரகம் பாதிக்கப்படலாம். புராஸ்டேட் நோயில் சிறுநீர்ப் பாதை அடைபட்டு ஏற்கெனவே சிறுநீரகம் தளர்ந்திருக்க வாய்ப்புண்டு. மார்பினின் கழிவுகள் வெளியேறுவதும் சிறுநீரகம் வழியாகத்தான். சிறுநீரகம் தளர்ந்தால் அவை உடம்பில் தங்கி, வழக்கமான அளவே அதிக அளவாகிவிடும். நாளைக்கு மாத்திரை கொடுத்து அப்பா மயங்கினால் பழி மார்பின் மேல் விழும். வழியடைத்தது டிக்ளோஃபெனாக் என்பது யாருக்கும் தெரியாது. ஆகவே டிக்ளோஃபெனாக்கை நிறுத்துங்கள், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் என்ற இரத்தப் பரிசோதனையைச் செய்யச் சொல்லுங்கள்.

டிரமடாலும் மார்பின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான், வலு குறைவு, அவ்வளவே. மார்பின் தொடங்கியபின் அதற்கு வேலையில்லை, அளவு கூடினால் வலிப்பு வேறு வரலாம். அதில் கலந்திருக்கும் பாராசிட்டமால் மட்டும் தேவை. அதைத் தனியாக, மருத்துவர் ஒப்புக்கொண்டால் நாளுக்கு மொத்தம் 3 கிராமுக்கு மிகாமல் கொடுக்கலாம். அல்பிரசோலமும் மார்பினும் சேர்ந்தால் இரண்டும் மூச்சை மந்தமாக்கும். அப்பா தூங்காததற்குக் காரணம் வலி. வலி அடங்கினால் தூக்கம் தானாக வரும். ஆனால் பல வாரங்களாகத் தினமும் கொடுத்திருந்தால் சட்டென்று நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லிக் குறையுங்கள்.

மணி பார்த்துக் கொடுக்க வேண்டிய மருந்து

உங்கள் வீட்டில் நடப்பதை அப்பாவின் பக்கமிருந்து பாருங்கள். வலி ஏறி, தாங்காமல் அலறி, வீட்டில் வாக்குவாதம் முடிந்து, மாத்திரை கைக்கு வந்து, விழுங்கி, அது வேலை செய்யத் தொடங்க இருபது முப்பது நிமிடம், உச்சத்துக்கு வர ஒரு மணி நேரம். நான்கு மணி நேரத்தில் இறங்கிவிடும், பிறகு மறுபடி அலறல். நல்ல மருந்து வீட்டிலேயே இருந்தும் நாளின் பெரும்பகுதி வலியில் கழிகிறது. அலறினால்தான் மாத்திரை என்று ஆகிவிட்டால் நோயாளி மாத்திரைக்காகக் காத்திருப்பார், கெஞ்சுவார், நேரம் எண்ணுவார். பார்ப்பவருக்கு அது போதைக்கு ஏங்குவதுபோல் தெரியும். அண்ணன் பார்ப்பது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

புற்றுநோய் வலிக்கு மருந்து கொடுப்பது பற்றி உலக சுகாதார நிறுவனம் 1986இல் வெளியிட்ட வழிகாட்டுதலின் சாரமே, வாயால் கொடு, கடிகாரப்படி கொடு, வலியின் படிக்கேற்ற மருந்தைக் கொடு என்பதுதான். இரத்தத்தில் மருந்து இறங்குவதற்கு முன் அடுத்த வேளை போய்ச் சேர வேண்டும். பொதுவான நேரங்கள்: காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10. நள்ளிரவு 2 மணிக்கு எழுப்ப வேண்டாம் என்பதற்காகத்தான் இரவு வேளை மட்டும் இரட்டிப்பு.

மீதி மாத்திரை இருக்கிறதே என்று இன்றைக்கே நாளுக்கு ஆறு என்று தாவாதீர்கள். இதுவரை அப்பா எடுத்தது ஒன்றிரண்டுதான், சிறுநீரகத்தின் நிலையும் தெரியவில்லை. மருத்துவமனையில் இந்த இரண்டையும் சொல்லுங்கள். கிரியேட்டினின் கூடியிருந்தால் அரை மாத்திரை, அதாவது 5 மி.கி. என்று தொடங்கச் சொல்லலாம், இடைவெளியை ஆறு மணி நேரமாக்கலாம், அல்லது வேறு மருந்துக்கு மாற்றலாம். சாதாரண 10 மி.கி. மாத்திரையை உடைக்கலாம், பொடித்துக் கஞ்சியிலும் கலக்கலாம். பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒன்று என்று தரப்படும், மருந்தை மெல்ல மெல்ல விடும் எஸ்.ஆர். வகையை மட்டும் ஒருபோதும் உடைக்கவோ பொடிக்கவோ கூடாது, அரை நாளுக்கான மருந்து ஒரே நேரத்தில் இறங்கிவிடும். பட்டையில் எழுதியிருப்பதைப் படித்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

இரண்டு வேளைகளுக்கு நடுவில் வலி எட்டிப் பார்த்தால் அதற்கென்று தனியாக ஒரு வேளை உண்டு. அளவு பெரும்பாலும் ஒருவேளை அளவேதான். கொடுத்து ஒரு மணி நேரம் பொறுங்கள், குறையாவிட்டால் இன்னொன்று கொடுக்கலாம். இப்படி நடுவில் கொடுத்ததற்காக அடுத்த மணிவேளையைத் தள்ளிப்போடக் கூடாது. குளிப்பாட்டும்போதும் வண்டியில் ஏற்றும்போதும் வலி கூடும் என்று தெரிந்தால் அரை மணி முன்னதாகவே இதைக் கொடுத்துவிடலாம். ஒரே நாளில் மூன்று முறைக்கு மேல் நடுவேளை தேவைப்பட்டால் அடிப்படை அளவு போதவில்லை என்று பொருள். எவ்வளவு கூட்டுவது என்பதை மருத்துவர் சொல்வார், நீங்களாகக் கூட்ட வேண்டாம். ஒரு வேளை தவறிவிட்டால் நினைவு வந்ததும் கொடுங்கள். அடுத்த வேளையோடு சேர்த்து இரண்டாகக் கொடுக்க வேண்டாம்.

ஒரு நோட்டு போடுங்கள். நேரம், கொடுத்த அளவு, வலி. பத்துக்கு எத்தனை என்று கேட்டால் அப்பா தடுமாறலாம். "ஒரு ரூபா வலி இருந்துச்சே, இப்ப எத்தனை பைசா இருக்கு?" என்று கேளுங்கள். எண்பது பைசா, முப்பது பைசா என்று தெளிவாகவே சொல்லுவார்கள்.

வயிறு

மார்பின் குடலின் அசைவைக் குறைக்கிறது. வாந்தியும் தூக்கமும் சில நாளில் பழகிவிடும், மலச்சிக்கல் மட்டும் பழகவே பழகாது. ஆகவே மார்பின் இருக்கும்வரை மலமிளக்கியும் இருக்க வேண்டும், மலம் சரியாகப் போகிறதே என்று நிறுத்தினால் மூன்றாம் நாள் சிக்கிக்கொள்ளும். இங்கே தேவை குடலைத் தள்ளிவிடும் மருந்து: பிசகோடில் 5 மி.கி. இரவில் இரண்டு என்பது வழக்கமான தொடக்கம், அல்லது சென்னா. மலம் கெட்டியாக இருந்தால் லாக்டுலோஸ் சிரப்பும் சேர்ப்பார்கள். "சூடு" என்று நீங்கள் நிறுத்தியது வயிற்றைப் பிடித்து இழுக்கும் அந்த உணர்வினால் இருக்கலாம். அது பிசகோடில் வேலை செய்யும் விதம். தாங்கவில்லை என்றால் சென்னாவுக்கு மாற்றலாம்.

இசப்கோல் வேண்டாம். அது தண்ணீரை உறிஞ்சிப் பருத்து, அசையும் குடலில் வேலை செய்வது. அசையாத குடலில், தண்ணீரும் அதிகம் குடிக்காதவருக்கு, அதுவே களிபோல் இறுகி அடைக்கும்.

இப்போது ஐந்து நாளாகிவிட்டதால் வாய்வழி மருந்து மட்டும் போதாது. செவிலியர் ஆசனவாயைப் பரிசோதித்து, கட்டியிருந்தால் சப்போசிட்டரியோ (ஆசனவாயில் வைக்கும் மருந்து) எனிமாவோ கொடுப்பார், சில சமயம் கையால் எடுக்க வேண்டிவரும். இதையும் அந்த மருத்துவமனையிலேயே முடித்துக்கொள்ளுங்கள். வாந்தி, வயிறு உப்புதல், காற்றுகூடப் பிரியாமை மூன்றும் சேர்ந்திருந்தால் மலமிளக்கி கொடுக்காமல் முதலில் காட்டுங்கள், அது குடல் அடைப்பாக இருக்கலாம். பல நாள் சிக்கலுக்குப் பிறகு திடீரென்று தண்ணீராகக் கசிந்தால் வயிற்றுப்போக்கு என்று நினைத்து அதை நிறுத்தும் மாத்திரை கொடுத்துவிடாதீர்கள். கெட்டி மலத்தைச் சுற்றிக்கொண்டு கசிவதுதான் பெரும்பாலும்.

வாந்தி உணர்வு எல்லோருக்கும் வராது. வந்தால் மெட்டோக்ளோப்ரமைடு போன்ற மருந்தை முதல் வாரம் மட்டும் கொடுத்தால் போதும்.

அண்ணனின் இரண்டு பயங்கள்

அண்ணன் அப்பா மீதுள்ள அக்கறையால்தான் தடுக்கிறார். அவருடைய பயங்களைத் தள்ளிவிடாமல் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

போதை. ஹெராயினும் பிரவுன் சுகரும் மார்பினிலிருந்து செய்யப்படுபவைதான், அந்தத் தொடர்பு உண்மை. ஆனால் புகைத்தோ ஊசியாகவோ ஏற்றும்போது மூளைக்கு மருந்து நொடிகளில் பாய்கிறது. அந்தப் பாய்ச்சல்தான் போதை. விழுங்கும் மாத்திரை மெல்ல ஏறி மெல்ல இறங்குகிறது, சீரான வேளைகளில் கொடுக்கும்போது ஏற்ற இறக்கமே தெரியாது. அடிமைத்தனம் என்றால் மருந்துக்காக வாழ்க்கையைக் கெடுத்துக்கொள்வது. வலி அடங்கிய நோயாளி பேப்பர் படிக்கிறார், பேரப் பிள்ளையோடு பேசுகிறார், சாப்பிடக் கேட்கிறார். இன்னொன்றும் உண்டு, அதையும் மறைக்கவில்லை: சில வாரம் எடுத்தபின் சட்டென்று நிறுத்தினால் கொட்டாவி, வியர்வை, மூக்கில் நீர், வயிற்றுப்போக்கு, பதற்றம் வரும். உடம்பு பழகியிருக்கிறது என்பதற்கு மேல் அதில் பொருளில்லை. படிப்படியாகக் குறைத்தால் வராது.

அப்பாவின் பழைய குடிப்பழக்கத்தைப் பொறுத்தவரை அண்ணன் எழுப்பும் கேள்வி நியாயமானது. முன்பு ஏதேனும் போதைக்கு அடிமையாக இருந்தவரிடம் கூடுதல் கவனம் வேண்டும். அதற்காக வலியோடு விட்டுவிடுவது தீர்வு ஆகாது. மருத்துவரிடம் இதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். இரண்டு வாரத்துக்குப் பதில் ஒரு வாரத்துக்கு மட்டும் கொடுக்கலாம். பூட்டிய பெட்டியில் வைத்து, வீட்டில் ஒருவர் மட்டும் எடுத்துக் கொடுத்து, எண்ணி நோட்டில் எழுதலாம். அந்த ஒருவர் அண்ணனாகவே இருக்கட்டும் என்பது என் யோசனை. மணிப்படி கொடுத்த மூன்றாம் நாள் அப்பா எப்படி இருக்கிறார் என்பதை அவரே பார்ப்பார்.

அடுத்தது, கடைசிக் கட்டம் என்ற பயம். நம் ஊர்களில் மார்பின் பெரும்பாலும் மிகத் தாமதமாக, கடைசி வாரத்தில்தான் தொடங்கப்படுகிறது. மாத்திரை வந்தது, ஆள் போய்விட்டார் என்று ஊர் முடிச்சுப் போட்டுவிட்டது. மார்பினைத் தீர்மானிப்பது வலியின் அளவு, மிச்சமிருக்கும் ஆயுள் அல்ல. பெரிய தீக்காயத்துக்கும் மாரடைப்பு வலிக்கும்கூட அது கொடுக்கப்படுகிறது. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் எடுத்துக்கொண்டு நடமாடுபவர்கள் இருக்கிறார்கள். வலிக்கேற்ப அளந்து கொடுக்கப்படும் மார்பின் ஆயுளைக் குறைப்பதில்லை.

முதல் இரண்டு மூன்று நாள் அப்பா அதிகம் தூங்கலாம். அதில் பாதி மருந்தின் மயக்கம், பாதி வாரக்கணக்காகத் தூங்காத தூக்கம். பெயர் சொல்லித் தொட்டால் கண் திறந்து பதில் சொல்கிறார் என்றால் பயமில்லை. "இப்பவே குடுத்துட்டா பின்னாடி வேலை செய்யாது" என்றும் எழுதியிருக்கிறீர்கள். மார்பினுக்கு டிக்ளோஃபெனாக் போல உச்ச அளவு என்று ஒன்று கிடையாது, வலி கூடினால் அளவும் கூடும். பின்னாளுக்கு என்று சேர்த்து வைக்க வேண்டியதில்லை.

எதைக் கண்டால் நிறுத்திவிட்டு ஓட வேண்டும்

உலுக்கியும் எழுப்ப முடியாத தூக்கம். அமைதியாகப் படுத்திருக்கும்போது ஒரு நிமிடத்தில் எட்டுக்கும் குறைவான மூச்சு. கை கால்கள் திடீர் திடீரென்று வெட்டி இழுப்பது. சுவரில் பூச்சி ஊர்கிறது, யாரோ நிற்கிறார்கள் என்று சொல்வது. சிறுநீர் மிகக் குறைந்து, கூடவே தூக்கமும் குழப்பமும் வருவது. இவற்றில் எது வந்தாலும் அடுத்த வேளையைக் கொடுக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். கண்பாவை மட்டும் ஊசிமுனைபோல் சுருங்கியிருப்பது மார்பின் எடுக்கும் எல்லோருக்கும் உள்ளதுதான். மார்பின் மிகுந்துவிட்டால் அதை முறிக்கும் மருந்தாக மருத்துவமனையில் நாலாக்சோன் உண்டு. புற்றுநோயாளிக்கு அதை நீர்க்கச் செய்து சிறிது சிறிதாகக் கொடுக்க வேண்டும். மொத்தமாக ஏற்றினால் மூச்சோடு சேர்ந்து அத்தனை வலியும் ஒரே நொடியில் திரும்பிவிடும்.

ஊரில் வலி ஊசி போடும் மருத்துவரிடம் அப்பா மார்பின் எடுக்கிறார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பென்டசோசின் ஊசி நம் பக்கம் சகஜம். அது மார்பினின் இடத்தில் உட்கார்ந்துகொண்டு அதன் வேலையைத் தடுக்கும். வலி குறைவதற்குப் பதில் கூடும். பெத்திடின் ஊசியும் தொடர்ந்து போட ஏற்றதல்ல, அதன் கழிவு தேங்கினால் வலிப்பு வரும்.

சட்டம் என்ன சொல்கிறது

கடைக்காரர் சொன்னது பாதி பழைய கதை. 1985இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம் மிகக் கடுமையாக இருந்தது. ஒரு மருத்துவமனை மார்பின் வாங்க மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்ட பல உரிமங்கள் தேவைப்பட்டன. எதற்கு வம்பு என்று மருத்துவமனைகளும் கடைகளும் அதை வைப்பதையே விட்டுவிட்டன. அரசு உரிமத்தோடு அபின் பயிரிட்டு, காஜிப்பூரிலும் நீமச்சிலும் அரசு ஆலையே நடத்தும் நாட்டில், புற்றுநோயாளிக்கு மார்பின் கிடைக்காத நிலை. 2014இல் சட்டம் திருத்தப்பட்டது. மார்பின், ஃபென்டனில் உள்ளிட்ட ஆறு மருந்துகள் அத்தியாவசிய போதை மருந்துகள் என்று தனியாக வகைப்படுத்தப்பட்டன. மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனம் அவற்றை வாங்கி வைத்து நோயாளிகளுக்குக் கொடுக்கலாம்.

நோயாளியின் உபயோகத்துக்காக முறைப்படி கொடுக்கப்பட்ட அளவை வீட்டில் வைத்திருப்பதும், அவருக்காக நீங்கள் வாங்கி வருவதும் குற்றமல்ல. அப்பாவின் பெயர், முகவரி, தேதி, மொத்த எண்ணிக்கை, மருத்துவரின் கையெழுத்து உள்ள சீட்டை மாத்திரையோடு ஒரே பையில் வையுங்கள், பயணத்திலும் அப்படியே. வேறு யாருக்கும் ஒரு மாத்திரைகூடக் கொடுக்கக் கூடாது, குற்றம் அங்கேதான் வருகிறது. வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் கள்ளச் சந்தைக்குப் போய்விடாதா என்ற சந்தேகம் பழையது. 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி நிவாரண அமைப்பு ஆயிரக்கணக்கானவர்களுக்கு வீட்டிலேயே மாத்திரை கொடுத்துவந்தது, மருந்து திசைமாறியதாக ஒரு நிகழ்வும் தென்படவில்லை என்று 2001இல் வெளியான ஆய்வு சொன்னது.

ஒவ்வொரு முறையும் 180 கிலோமீட்டர் போக வேண்டியிருக்காது. உங்கள் மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையில் வலி நிவாரண ஆதரவுச் சிகிச்சைப் பிரிவு இருக்கிறதா, மார்பின் இருப்பு உண்டா என்று கேளுங்கள். புற்றுநோய் மருத்துவமனையின் சுருக்க அறிக்கையைக் காட்டினால் அங்கேயே தொடரலாம். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் படுக்கையில் இருப்பவர்களை வீட்டுக்கே வந்து பார்க்கும் செவிலியரும் இயன்முறை சிகிச்சையாளரும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்பாவின் பெயரைப் பதிந்துவையுங்கள். எனிமா, சிறுநீர்க் குழாய், படுக்கைப்புண் எல்லாவற்றுக்கும் உதவும்.

உறவினரின் பேட்ச்

வேண்டாம். நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். தோலில் ஒட்டும் ஸ்டிக்கர்தானே, மாத்திரையைவிட மென்மையாக இருக்கும் என்று தோன்றும். மணிக்கு 25 மைக்ரோகிராம் விடும் ஒரு பேட்ச் ஏறத்தாழ நாளுக்கு 60 முதல் 90 மி.கி. மார்பினுக்குச் சமம். நாளுக்கு 10, 20 மி.கி. எடுக்கும் அப்பாவுக்கு அது மூன்று முதல் ஒன்பது மடங்கு. ஒட்டினால் வேலை செய்யத் தொடங்கப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதால் இன்றைய வலிக்கு உதவாது. பிடுங்கினாலும் தோலுக்கடியில் சேர்ந்த மருந்து ஒரு நாள்வரை இறங்கிக்கொண்டே இருக்கும். காய்ச்சல், வெந்நீர் ஒத்தடம், வெயில் பட்டால் வேகமாக இறங்கும். நீங்கள் முதுகுக்கு ஒத்தடம் கொடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள், இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பேட்ச் கெட்டதென்று சொல்லவில்லை. விழுங்க முடியாதவருக்கு, சிறுநீரகம் பழுதானவருக்கு, வலி ஒரு நிலைக்கு வந்தபின் மருத்துவர் கணக்குப் போட்டு எழுதினால் அது அருமையான மருந்து. அந்த உறவினரிடம் ஒன்று சொல்லுங்கள்: ஒட்டும் பக்கம் உள்ளே இருக்கும்படி மடித்து, மருந்து வாங்கிய மருத்துவமனையிலேயே திருப்பிக் கொடுக்கட்டும். குழந்தை ஒன்று எடுத்து ஒட்டிக்கொண்டால் உயிர் போய்விடும்.

உங்கள் மாமா வாங்கி வைத்திருக்கும் கஞ்சா எண்ணெய் பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். புற்றுநோய் வலிக்கு அது உதவும் என்பதற்கான ஆதாரம் பலவீனமானது, மார்பினோடு சேர்ந்தால் தூக்கமும் தலைசுற்றலும் கூடும். பணத்தை மிச்சப்படுத்துங்கள்.

மாத்திரை மட்டும்தானா?

இல்லை. எலும்பு வலிக்கு நல்ல வழிகளில் ஒன்றை இதுவரை உங்களுக்கு யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. வலிக்கும் எலும்புக்குக் கதிரியக்கம். குணப்படுத்துவதற்கான கதிரியக்கம்போல் வாரக்கணக்கில் போகத் தேவையில்லை. எலும்பு வலிக்குப் பெரும்பாலும் 8 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) என்ற அளவில் ஒரே ஒரு அமர்வு போதும். படுக்கையில் சில நிமிடம். பத்தில் ஆறு பேருக்காவது வலி கணிசமாகக் குறைகிறது. முதல் ஓரிரு நாள் வலி சற்றுக் கூடலாம், முழுப் பலன் தெரிய சில வாரமாகும், அதுவரை மார்பின்தான் தாங்கிப் பிடிக்கும். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். தண்டுவட அழுத்தம் உறுதியானால் கதிரியக்கத்தின் அளவும் அவசரமும் மாறும், அதை அங்கே முடிவு செய்வார்கள்.

எலும்பு அரிப்பைத் தடுக்க சோலெட்ரோனிக் அமிலம் என்ற ஊசி உண்டு. அதற்கு முன் சிறுநீரகப் பரிசோதனையும் பல் பரிசோதனையும் கட்டாயம், ஊசி போடும் காலத்தில் பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகலாம். கால் எரிச்சல், மின்சாரம் பாய்வதுபோன்ற வலி இருந்தால் அது நரம்பு வலி. அதற்கு மார்பினோடு காபாபென்டின் போன்ற மருந்தைச் சிறிய அளவில் சேர்ப்பார்கள்.

கதிரியக்கம் பலன் தந்து வலி குறைந்தபின், அதுவரை சரியாக இருந்த மார்பின் அளவு திடீரென்று அதிகமாகிவிடும், அப்பா பகலிலும் தூங்கி வழிவார். நோய் முற்றிவிட்டது என்று நினைத்துவிடாமல் மருத்துவரை அழையுங்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கால் பங்கு அளவில் குறைத்துக்கொண்டே வருவார்கள், சிலருக்கு முழுதாகவே நிறுத்திவிட முடியும். அப்படி மீந்த மாத்திரைகளை எண்ணி, நோட்டில் எழுதி, வாங்கிய இடத்திலேயே திருப்பிக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.